வைப்பரின் கதை: பர்மிங்காம் முதல் ராஜபாளையம் வரை



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "ஏதாவது பெரிய விஷயமா எழுதுப்பா" என்றார்கள். பெரிய விஷயங்களை எழுத நம் சங்கத்தில் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது காரின் முன்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் ஆடுகிற அந்த இரண்டு குச்சிகளை. தமிழில் 'துடைப்பான்' என்று எழுதலாம்தான். ஆனால் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் அப்படிச் சொன்னால் மூலையில் இருக்கிற துடைப்பத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இக்கட்டுரை முழுக்க வைப்பர் என்றே இருக்கட்டும்.

சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். கார்த்திகை மாச ராத்திரி, தென்காசியிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள், கொட்டுகிற மழை, எதிரே கேரளாவுக்குப் போகிற லாரியின் ஹெட்லைட். அந்த நேரம் பார்த்து வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டால், இரண்டு மூன்று விநாடிக்கு உங்கள் முன்னால் ரோடே கிடையாது. வெள்ளைத் திரை மட்டும்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டியை எடுக்கமாட்டோம். வைப்பர் ஓடவில்லை என்றால் மட்டும், "பரவாயில்ல, பாத்துப் போயிரலாம்" என்கிறோம். எதைப் பார்த்து?

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-வது விதி வைப்பருக்கென்றே இருக்கிறது. எப்.சி.க்குப் போகிற அன்றைக்கு மட்டும் ஓடுகிற வைப்பர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வேறு கதை.

பழைய கார்களில் வைப்பர் மக்கர் பண்ணினால் முதலில் பழி விழுவது மோட்டார் மேல். "மோட்டார் போச்சு சார், மாத்திருங்க." மாற்றிய பிறகும் அதே சோம்பல், அதே நிற்பு. என் கட்சி என்னவென்றால், வைப்பருக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வந்து சேருகிறது என்பதுதான் அதனுடைய சரித்திரம் முழுவதும். அந்த வழியைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் ரிப்பேர் விஷயத்தைச் சரித்திரமாக எழுதுகிறேன்.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்று ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தார். டிராமில் ஏறி உட்கார்ந்தால், மழையும் பனியுமாக அடிக்கிறது. கண்ணாடி மூடிப்போய், டிரைவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தில் பனி விழ ஓட்டுகிறார். எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தார்கள். இந்த அம்மாள் ஊருக்குத் திரும்பி, உள்ளே ஒரு லிவர், வெளியே ரப்பர் வைத்த ஒரு கை என்று ஒரு சாதனத்தை வரைந்தார். 1903 நவம்பர் 10-ஆம் தேதி அதற்கு அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. எண் 743801. அதே காலத்தில் வேறு சிலரும் இதே மாதிரி பேட்டன்ட் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் வைப்பர் என்று பெயர் வாங்கியது இந்த அம்மாள் செய்ததுதான்.

பெயர்தான் வாங்கியது, காசு வாங்கவில்லை. 1905-இல் ஒரு கனடா நாட்டு நிறுவனத்திடம் உரிமையை விற்கக் கேட்டபோது, இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று பதில் வந்தது. 17 வருஷம் கழித்து, 1920-இல், பேட்டன்ட் காலாவதி ஆனது. அதற்குப் பிறகுதான் கார்கள் பெருகி வைப்பர் எல்லா வண்டியிலும் ஏறியது. ஒரு பைசா வரவில்லை. 1953-இல் காலமானார். அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2011-இல். நம் கல்லூரியில் படிக்கும் தங்கைகள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அந்த முதல் வைப்பருக்குச் சக்தி டிரைவரின் கை. கோளாறு என்று வந்தால் பார்க்க வேண்டியதும் கையைத்தான். கையால் ஆட்டுகிற வைப்பர் ஏதோ பழங்கால விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலேயே கைப்பிடி வைத்த வைப்பர்தான் இருந்தது. ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் வைப்பர்; கியர் போட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அடுத்து வந்தது எஞ்சினை வேலை வாங்குகிற வைப்பர். பஃபலோ என்ற ஊரில் நாடகக் கொட்டகை மேனேஜராக இருந்த ஜான் ஓய்ஷி என்பவர் மழையில் கார் ஓட்டிப்போய் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிவிட்டார். அந்த அதிர்ச்சியில் வைப்பர் தொழிலுக்கே வந்துவிட்டார். 1917-இல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னால் ட்ரைக்கோ என்று பெயர் பெற்றது. முதலில் கை வைப்பர்தான் விற்றார்கள். பிறகு வேக்குவம் வைப்பர்.

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது அதன் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் இருக்கும். ஐடிலில் சுமார் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு. அந்த உறிஞ்சலை ஒரு ரப்பர் ட்யூப் வழியாக எடுத்து, ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வைத்தால் வைப்பர் ஆடும். ஓசிச் சக்தி. அந்தக் காலத்து டைனமோ கொஞ்சம்தான் கரண்ட் கொடுக்கும். அதில் கை வைக்க வேண்டாம். எவ்வளவு அருமையான யோசனை!

ஒரே ஒரு குறை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் த்ராட்டில் திறக்கும். த்ராட்டில் திறந்தால் வேக்குவம் விழும். வேக்குவம் விழுந்தால் வைப்பர் படுத்துவிடும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாயில் ஒரு வேக்குவம் வைப்பர் வண்டியை ஏற்றுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கேதான் மழை அதிகம், அங்கேதான் ஏற்றமும். மேடு ஏற மிதிக்க மிதிக்க வைப்பர் தூங்கும். காலை எடுத்தால் வைப்பர் பறக்கும், வண்டி நிற்கும். இப்படி ஒரு சாதனத்தை அமெரிக்கக் கார்களில் 1960-கள் வரை வைத்து ஓட்டினார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். அந்த வண்டிகளில் வைப்பர் சரியாக ஓடவில்லை என்றால் மெக்கானிக் முதலில் பார்ப்பது ரப்பர் ட்யூபில் வெடிப்பு, அடுத்து எஞ்சினின் பிஸ்டன் ரிங் தேய்மானம். கண்ணாடியில் நோய், எஞ்சினில் காரணம். டீசல் எஞ்சினில் த்ராட்டிலே கிடையாது, ஆகவே இந்த உறிஞ்சலும் கிடையாது; பஸ்ஸுக்கும் லாரிக்கும் இந்த வித்தை உதவவே உதவாது.

ஜெர்மனியில் போஷ் கம்பெனி 1926-இல் மின்சார வைப்பரைக் கொண்டுவந்தது. நம் நாட்டுக் கதைக்கு முக்கியமானது இங்கிலாந்தின் லூக்காஸ். இந்தக் கம்பெனி பிறந்த ஊரின் பெயரும் பர்மிங்காம்தான்! இது இங்கிலாந்து பர்மிங்காம். விளக்கு விற்று ஆரம்பித்த ஜோசப் லூக்காஸின் கம்பெனி, பிரிட்டிஷ் கார்களின் மின்சாரச் சாமான் முழுவதையும் செய்துகொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. பழைய கார் பிரியர்கள் அவரை 'இருட்டின் இளவரசர்' என்று கேலி செய்வார்கள். இது கொஞ்சம் அநியாயம் என்பது என் அபிப்பிராயம். ஐம்பது வருஷத்துப் பழைய ஒயரை மாற்றாமல் வைத்துக்கொண்டு செய்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

லூக்காஸ் வைப்பரின் அமைப்பு இதுதான். மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். கண்ணாடியின் கீழே இரண்டு இடத்தில் வைப்பர் கைகள் இருக்கும். நடுவில் ஒரு இரும்புக் குழாய். குழாய்க்குள் ஒரு ஸ்டீல் கேபிள். கேபிளைச் சுற்றி ஸ்க்ரூ மரை மாதிரி ஒரு கம்பி சுற்றியிருக்கும். மோட்டாருக்குள் வார்ம் கியர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரத்தில் இருக்கும் பின் ஒரு கனெக்டிங் ராடை ஆட்ட, ராடு கேபிளை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும். கே.ஓ.எம். பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும்: சாட்சாத் ஸ்லைடர் கிராங்க். கேபிள் போகிற வழியில் வைப்பர் கைக்கு ஒன்றாக இரண்டு 'வீல் பாக்ஸ்' இருக்கும். அதற்குள் ஒரு பல் சக்கரம் கேபிளின் மரையில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பும். வைப்பர் ஆடும். நிமிஷத்துக்குச் சுமார் 45 தடவை போய்வரும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரை வைத்து 1957-இல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் உருவாக ஆரம்பித்தபோது இந்தக் கேபிள் வித்தையும் கூடவே வந்தது. சில வருஷத்தில் சாமான்களும் இங்கேயே தயாராகின. மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பமும் இங்கிலாந்து லூக்காஸும் கைகோத்து 1961-இல் லூக்காஸ் டி.வி.எஸ். ஆரம்பித்தார்கள். சென்னை பாடியில் ஸ்டார்ட்டர், டைனமோ, வைப்பர் மோட்டார் எல்லாம் செய்யத் தொடங்கினார்கள். ஆக, பர்மிங்காம் மழைக்காகப் பிறந்த வைப்பர் பாடி வழியாக நம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. வண்டிகள் நிற்கவில்லை. நம் இரண்டு ஊர்களிலும் வீட்டு வாசலில் துணி போர்த்தி, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும். நமக்கு மலை முகட்டில் மேகம் தெரியும். செண்பகத்தோப்புப் பக்கம் போனால் முகத்தில் நாலு தூறல் விழும். அவ்வளவுதான். நம்முடைய மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து. ஆண்டாள் மழையைக் கூப்பிட்டுப் பாடிய ஊரில் மழை வருவது வருஷத்தில் மூன்று மாசம். மிச்ச நாளெல்லாம் வெயில். இங்கிலாந்தில் ஒரு வைப்பர் வருஷம் பூரா உழைத்துத் தேய்ந்து போகும். நம்ம ஊர் வைப்பர் ஒன்பது மாசம் சும்மா கிடந்தே கெட்டுப்போகும். குழாய்க்குள் இருக்கிற கிரீஸ் வெயிலில் எண்ணெய் வற்றி மெழுகாக இறுகும். ரப்பர் கருகி விறைக்கும். மோட்டாருக்குள் கம்யூட்டேட்டரில் பச்சை படியும். போதாததற்கு மழைக்குச் சரியாகக் கொஞ்சம் முன்னால் ஆயுத பூஜை வரும். கண்ணாடி முழுக்கப் பட்டை பட்டையாகச் சந்தனம், குங்குமம், விபூதி. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், முதல் மழையில் வைப்பரைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, வைப்பர் மெதுவாக ஓடுகிறது, அல்லது நடுவில் நிற்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் கண்ணாடியை நனையுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டுச் சோதிப்பது தப்பு. ஈரக் கண்ணாடியை விடப் பல மடங்கு இழுவை இருக்கும். நனைத்துவிட்டு வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 45 பக்கம் வந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம், பிளேடைப் பாருங்கள். 'கடகட' என்று ஒரு பக்கம் போகும்போது மட்டும் துள்ளினால் ரப்பர் விறைத்துவிட்டது என்று அர்த்தம். ரப்பரின் முனை ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். விறைத்த ரப்பர் சாயாது. புது ரப்பரும் துள்ளினால் கை முறுக்கியிருக்கிறது.

நாற்பதுக்குக் கீழே என்றால் அடுத்த கேள்வி: கூட வேறு எது ஓடவில்லை? பழைய லூக்காஸ் ஒயரிங்கில் இக்னிஷன் போட்டால் உயிர் வருகிற சாமான்களுக்கெல்லாம் ஒரே பியூஸ், பச்சை ஒயர். இன்டிகேட்டர், பிரேக் லைட், பெட்ரோல் மீட்டர், வைப்பர் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். வைப்பர் மட்டும் மக்கர் என்றால் பியூஸ் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் முள்ளும் படுத்துக் கிடந்தால் மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை. பியூஸ் மாட்டுகிற கிளிப்பில் துரு இருக்கிறதா பாருங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

அதற்கும் மேலே போனால் எர்த். நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் "எர்த் எடுக்கல" என்று சொல்வதில் ஆழமான விஷயம் இருக்கிறது. மோட்டார் சத்தம் பாடியில் ஏறக்கூடாதென்று அதை ரப்பர் புஷ் வைத்து மாட்டியிருப்பார்கள். ரப்பரில் கரண்ட் போகாது. ஆகவே எர்த்துக்குத் தனி ஒயர். வண்டியை டிங்கரிங் பண்ணி, பெயிண்ட் அடித்து, புதுப்பெண் மாதிரி கொண்டுவருவார்கள். அந்த எர்த் ஒயரின் அடியிலும் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வைப்பர் ஓடாது, ஓடினாலும் ஊர்ந்துதான் ஓடும். 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட் ஒரு கெட்ட ஜாயின்ட்டில் தொலைந்தால் மோட்டாருக்குப் பத்துதான். ஒரு நல்ல ஒயரின் ஒரு முனையை மோட்டார் பாடியிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். வேகம் பிடித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து மோரிஸ் வகைக் கார்களில் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. பின்னால் ஆல்டர்னேட்டர் போட்டபோது நெகட்டிவ் எர்த்தாக மாற்றியவர்கள் உண்டு. மாற்றினால் வைப்பர் திரும்பி ஓடுமா என்று இன்டர்னல் தேர்வில் கேட்கலாம். ஃபீல்டு காயில் வைத்த பழைய மோட்டாரில், காயில், ஆர்மேச்சர் இரண்டிலும் கரண்ட் திசை சேர்ந்தே மாறுவதால் ஓடும் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த பிற்காலத்து மோட்டாராக இருந்தால் மாறும். அதே மாதிரி இரட்டை வேகமும். பழையதில் ஃபீல்டு கரண்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டினார்கள். புதியதில் மூன்றாவதாக ஒரு கார்பன் பிரஷ்ஷைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கூட்டுகிறார்கள். ஆகவே புது மாடலில் மெதுவேகம் ஓடி, அதிவேகம் மட்டும் ஓடவில்லை என்றால் சுவிட்ச், ஒயரை அடுத்து அந்த மூன்றாவது பிரஷ்ஷைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி மெயின் விஷயம், அந்தக் குழாய். ராஜபாளையத்தில் என் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய வண்டி. வைப்பர் நிற்கிறது என்று ஒரு கடையில் விட்டார், புது மோட்டார் போட்டார்கள். மூன்று நாள் ஓடி, நாலாம் நாள் மறுபடி படுத்தது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயசான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவர் மீட்டரையே எடுக்கவில்லை. மோட்டாரின் கியர் மூடியைத் திறந்தார், கனெக்டிங் ராடைக் கழற்றினார், சுவிட்சைப் போடச் சொன்னார். மோட்டார் தனியாகத் தேனீ மாதிரி ஓடியது.

"என்ன தம்பி தெரியுது?"

"மோட்டார் நல்லா இருக்கு அண்ணாச்சி."

"இப்ப இதப் பிடிச்சு இழுங்க பாப்போம்" என்று கேபிளின் முனையைக் கொடுத்தார். வைப்பர் கை இரண்டையும் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது கரகரவென்று ஓர் அங்குலம் வந்தது.

"உள்ள சிமெண்ட் மாதிரி இறுகிக் கெடக்கு. இதுல புது மோட்டார் போட்டா என்ன, ரயில் எஞ்சினப் போட்டா என்ன?"

லூக்காஸ் ஒர்க்‌ஷாப் புத்தகங்களில் இந்தச் சோதனைக்கு ஒரு கணக்கே இருக்கிறது. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 6 பவுண்டுக்குமேல், அதாவது 2.7 கிலோவுக்குமேல் இழுவை தேவைப்படக்கூடாது. குழாயின் வளைவு எங்கேயும் 9 அங்குல ஆரத்துக்குக் குறைந்திருக்கவும் கூடாது. ஸ்பிரிங் தராசு பழைய பேப்பர் கடையில்கூட இருக்கும். அண்ணாச்சியின் தராசு அவர் கை.

அவர் கேபிளை வெளியே உருவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். கறுப்பு மெழுகு உருண்டை உருண்டையாக வந்தது. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். வீல் பாக்ஸைத் திறந்து பல் சக்கரத்தைக் காட்டினார். ஒரு பக்கத்துப் பல் கத்தி மாதிரித் தேய்ந்திருந்தது. மறுபக்கம் புத்தம் புதுசு. காரணம் எளிமையானது. வைப்பர் முழு வட்டம் சுற்றுவதில்லை. ஏறக்குறைய கால் வட்டம் சொச்சம் ஆடுகிறது. அந்தச் சில பல்லே ஆயுள் முழுக்க உழைக்கின்றன, மற்றவை பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அண்ணாச்சி சக்கரத்தைப் பாதி வட்டம் திருப்பி வைத்து, புதுப் பல் கேபிளில் படும்படி மாட்டினார். புது கிரீஸ் போட்டு மூடினார். "இன்னொரு இருவது வருஷம் ஓடும். அதுக்கப்புறம் வேற சக்கரம் வாங்குங்க" என்றார். பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினார், புதுசைக் கையில் கொடுத்துவிட்டார். பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மோட்டாரிலேயே கோளாறு இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் ஓட ஆரம்பிக்கிறதா? கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது கம்யூட்டேட்டரில் படிவம். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் அவசரம்: மாட்டிக்கொண்டு நிற்கிற மோட்டாரைச் சுவிட்சில் போட்டபடியே விடாதீர்கள். நின்ற மோட்டார் ஓடுகிற மோட்டாரைப் போல மூன்று நான்கு மடங்கு கரண்ட் இழுக்கும். குழாய் இறுகியதற்காக ஆர்மேச்சர் எரிந்துபோவது இப்படித்தான்.

நடு ரோட்டில் நின்றுவிட்டால்? பழைய லாரி டிரைவர்கள் புகையிலையைக் கசக்கி, அல்லது உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவி வழியும். மெதுவாகப் போனால் ரோடு ஓரளவு தெரியும். ஊர் வந்து சேரலாம்.

சுவிட்சை நிறுத்தியதும் வைப்பர் சரியாகக் கண்ணாடியின் கீழே போய்ப் படுக்கிறதே, அதை யார் செய்கிறார்கள்? கியர் மூடிக்குள் ஒரு சின்ன 'பார்க்கிங் சுவிட்சு' இருக்கிறது. நீங்கள் டேஷ்போர்டில் நிறுத்தினாலும், வைப்பர் கீழே வந்து சேரும்வரை அது மோட்டாருக்குக் கரண்ட் விட்டுக்கொண்டே இருக்கும். அதன் தொடுமுனை தேய்ந்தால் வைப்பர் நிறுத்திய இடத்திலேயே நிற்கும், இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது.

இந்தப் பார்க்கிங் வசதி இல்லாவிட்டால், தூறலில் விட்டு விட்டு ஓடும் 'இன்டர்மிட்டன்ட்' வைப்பர் ஒழுங்காக வேலை செய்யாது. அதன் கதை மேரி ஆண்டர்சன் கதையின் இரண்டாம் பாகம். ராபர்ட் கேர்ன்ஸ் டெட்ராய்ட்டில் எஞ்சினியரிங் பேராசிரியர். 1953-இல் அவருடைய கல்யாண ராத்திரியில் ஷாம்பேன் பாட்டில் கார்க் தெறித்து இடது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பின்னால் தூறலில் கார் ஓட்டும்போது, கண் இமை மாதிரி விட்டு விட்டுத் துடைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு வேரியபிள் ரெசிஸ்டர். 1964-இல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்து 1967-இல் வாங்கினார். ஃபோர்டு கம்பெனிக்குக் காட்டினார். பேச்சு வார்த்தை முறிந்தது. 1969-இல் ஃபோர்டின் கார்களில் விட்டு விட்டு ஓடும் வைப்பர் வந்தது. 1978-இல் வழக்குப் போட்டார். அவர் உபயோகித்த பாகம் எல்லாம் ஏற்கெனவே கடையில் கிடைப்பவை, புதிதாக என்ன கண்டுபிடித்தார் என்பது எதிர்க்கட்சி வாதம். வக்கீல்களோடும் ஒத்துப்போகாமல் தானே வாதாட ஆரம்பித்தார். 1990-இல் ஜூரி அவர் பக்கம் சொன்னது. ஃபோர்டு ஒரு கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. 1992-இல் கிரைஸ்லர் மேலும் ஜெயித்தார். அதற்குள் குடும்ப வாழ்க்கை உடைந்திருந்தது. 2005-இல் காலமானார். 2008-இல் அவர் கதையை ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள்.

இன்றைய கார்களில் கேபிளும் வீல் பாக்ஸும் இல்லை. மாருதி 800 காலத்திலேயே லிங்க் கம்பிகள் வந்துவிட்டன. அதாவது ஃபோர் பார் மெக்கானிசம், மூலைகளில் பிளாஸ்டிக் புஷ். அங்கே வைப்பர் 'லொட லொட' என்றால் புஷ் கழன்றிருக்கும். புதிய வண்டிகளில் மழையைத் தானே உணர்ந்து ஓடும் சென்சார்கூட வந்துவிட்டது. கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டிக் கோடு எண் படிக்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்து நோய் சொல்கிறவர்கள் நம் இரண்டு ஊரிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். பல் சக்கரத்தைத் திருப்பிப் போடுகிற வித்தையை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அந்த அண்ணாச்சிக்குப் பின் அவர் கடையைப் பார்க்க ஆளும் இல்லை.

ஆகவே மலரைப் படிக்கும் சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில், ஷெட்டில், மாமனார் ஊரில் எங்கேயாவது பழைய லூக்காஸ் வைப்பர் செட் கிடந்தால், மோட்டார், குழாய், கேபிள், இரண்டு வீல் பாக்ஸ் எல்லாம் சேர்த்து, எரிந்துபோனதாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த சந்திப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஆட்டோமொபைல் லேபில் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கட் செக்‌ஷன் மாடலாக ஒரு பலகையில் மாட்டலாம். பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் தராசும் தொங்கட்டும். பையன்கள் இழுத்துப் பார்க்கட்டும். வெட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.